கேட்டா வேண்டாம்பாங்க

இல்லீங் அம்மிணி, பை மடியிலயே இருக்கட்டும். மேல தூக்கி வைக்கறதுக்கு இது மாத்துத்துணிப் பை இல்லீங். நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, தெரியுது. ஆனா இந்த வண்டி விஜயமங்கலம் தாண்டறதுக்குள்ள மேல இருக்கற மூட்டையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு உருளும். உள்ள இருக்கறது லேப்டாப்புங். என்னுது. என்ற பொருளு நான் சொல்ற எடத்துலதான் இருக்கோணும். அது மட்டும் எனக்குப் புடிவாதம்.

சிரிக்கறீங்க. இந்தப் பொம்பளைக்கு எதுக்கு லேப்டாப்புன்னு தோணுதா? தோணட்டும். பாக்கற எல்லாத்துக்கும் மொதல்ல அதான் தோணுது.

எம்பேரு செல்வநாயகி. சென்னிமலைக்குப் பக்கத்துல எங்கூரு. தறிக்கு டிசைன் போடறது என்ற வேல. போர்வை, மேசை விரிப்பு, சன்னல் திரைன்னு படம் போட்டு நெய்யறாங்கல்ல, நெய்யறதுக்கு முன்னாடி அந்தப் படத்தை ஒருத்தி கட்டங் கட்டமா ரொப்போணும். ஒரு கட்டம்னா ஒரு நூலு. அந்த ஒருத்தி நாந்தானுங். பதினெட்டு வருசம் கட்டத்தாள்ல பென்சில் வெச்சுப் போட்டேன். அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் தறி எடுத்துக்கும்னு ஆயிப்போச்சு. சரி, அதையுங் கத்துக்கிட்டேன். யாருஞ் சொல்லித் தரல. அடுத்தவங்க பண்றதப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். லேப்டாப்பு பழசுதான், ஒருத்தர் வெச்சிருந்து குடுத்தது. ஆனா என்ற காசுல வாங்கினது. இதை நல்லாக் கேட்டுக்கோங்க, என்ற காசு.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், நீங்களே நாயஞ் சொல்லுங்க.

போன ஆடியில எங்கூரு மாரியம்மங்கோயிலுக்குக் கும்பாபிஷேகம்னு முடிவாச்சு. கார்த்திகையில நாளு குறிச்சாங்க. சன்னதிக்குப் புதுசா ஒரு திரை வேணும், பெயிண்டுல எழுதினது வேண்டாம், நம்மூருத் தறியில நெய்ததா இருக்கோணும்னு கமிட்டியில பேசி எங்கிட்ட வந்தாங்க. ஏழடி அகலம், ஒம்பதடி ஒசரம். நடுவுல அம்மன், பின்னால வேப்பமரம், ரெண்டு பக்கமும் தீச்சட்டி. வந்தது எங்கிட்டங்க. எங்கூட்டுக்காரரைத் தேடி வரல. "செல்வநாயகி, நீதான் போட்டுத் தரோணும்"னு கமிட்டித் தலைவரு என்ற மொகத்தப் பாத்துச் சொன்னாரு. இருவத்தஞ்சு வருசத்துல மொத மொறையா ஒருத்தரு என்ற பேரைச் சொல்லி வேல குடுத்தாரு. அதுக்கு முன்னாடி நான் போட்டதெல்லாம் 'துரைசாமி ஊட்டு டிசைனு'. துரைசாமிங்கறது எங்கூட்டுக்காரரு. நல்ல நெசவுகாரரு, இல்லேங்கல. ஆனா அவருக்கு ஒரு பூ போடத் தெரியாதுங்.

போர்வைக்குன்னா ஒரு பூவப் போட்டு அதையே வரிசையாத் தட்டி உட்டுடலாம். திரை அப்பிடியில்ல. அடியிலருந்து நுனி வரைக்கும் ஒரே படம். கோடிக்கு மேல கட்டம். அதுல நான் ஒரு ராங்கி வேற பண்ணினேன். வேப்பமரத்துல ஒரு எலையாட்ட இன்னொரு எலை இருக்கக் கூடாதுன்னுட்டேன். மரத்துல அப்பிடியா இருக்குது? அப்புறம் துணியில மட்டும் எதுக்கு இருக்கோணும்?

லேப்டாப்புக்கு மூச்சு முட்டிப்போச்சு. ஒரு எலையத் திருத்திப்போட்டு சேவ் குடுத்தா, நான் எந்திரிச்சுப் போயி ஒலை வெச்சு, அரிசி களஞ்சு போட்டு, கஞ்சி வடிக்கற வரைக்கும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். சில சமயம் சுத்திச் சுத்தி அப்பிடியே நின்னுக்கும். நின்னுதுன்னா போட்டதெல்லாம் போச்சு. ஒரே கெளைய ஆறு தடவ போட்டிருக்கறேனுங். ஆறாவது தடவ போனப்ப அழுதேன். பொய் சொல்லுவானேன், உக்காந்து அழுதேன்.

எனக்கு ஒரே புள்ளை, தாரணின்னு பேரு. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறா. அவகிட்டச் சொன்னேன். "உனக்கு மெமரி பத்தலம்மா. ரெண்டு ஜிபி இருக்கும், எட்டு போட்டாச் சரியாயிரும். நான் வர்றப்பப் போட்டுத் தர்றேன், அதுவரைக்கும் நீ கைய வெச்சுத் தொலைச்சுடாத"ன்னா. பாருங்க, பேச்ச. கைய வெச்சுத் தொலைச்சுடாதயாம். இந்தக் கைதான் அவளுக்குச் சோறூட்டுச்சு.

அவ வர்றதுக்கு எங்க? ஆடி போச்சு, ஆவணி வந்துச்சு. ஆவணியிலருந்து அவ எங்கூடப் பேசறதே இல்ல. அது வேற கத, உடுங்க.

அந்த ஆவணியிலதானுங் இதும் நடந்துச்சு. எங்க சித்தி மகளுக்கு வளைகாப்புன்னு காங்கேயம் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பாத்தா மேசை மேல லேப்டாப்பு இல்ல. "எங்கீங்க"ன்னேன். எங்கூட்டுக்காரரு இட்லியத் தின்னுக்கிட்டே சொல்றாரு: "மோகன் கடையில குடுத்தேன். அது இனி ஆகாதுன்னுட்டான். பழைய சாமானுக்கு எடுத்துக்கறேங்கறான். ஈரோட்டுல ஒரு டிசைன் சென்டர்ல பேசிட்டேன், திரைய அவங்களே போட்டுத் தர்றாங்களாம். நீ எதுக்குக் கஷ்டப்படறே?"

இட்லிய முழுங்கிப்போட்டு "இன்னுங் கொஞ்சம் சட்னி ஊத்து"ங்கறாருங்.

என்னைக் கேட்டாரா? நீங்களே சொல்லுங்க. என்ற லேப்டாப்பு, என்ற வேல, என்ற பேரைச் சொல்லிக் குடுத்த திரை. மூணையும் ஒரே பகல்ல முடிச்சுப்போட்டாரு. அவரு கெட்டவரில்லீங். குடி கெடையாது, சீட்டாட்டம் கெடையாது, என்னை ஒரு வார்த்த கடிஞ்சு சொன்னதில்ல. எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் பண்ணினாரு. அதுதானுங் வயித்தெரிச்சலு. நல்லது பண்றவங்க யாரும் கேக்கறதே இல்ல.

அப்பவே செருப்ப மாட்டிக்கிட்டு மோகன் கடைக்குப் போனேன். மோகனும் தெரிஞ்ச மனுசந்தான், எங்க தெருவுல பாதி செல்லு அவங்கிட்டத்தான் சரியாகுது.

"மெமரி பத்தலைங்க்கா. இந்த மாடலுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. புதுசா வாங்கிக்கோங்க"ன்னான்.

"முடியாதுன்னா, உள்ள எடமில்லையா, உனக்கு மனசில்லையா?"

"அதெல்லாந் தொறக்கக் கூடாதுங்க்கா."

"நீ தொறந்து பாத்தயா?"

மேசையில இருந்த ஒரு செல்ல எடுத்துத் தொடைக்கறான். தொறந்தே பாக்காம ஆகாதுன்னிருக்கறான். "குடு இங்க"ன்னு வாங்கிக்கிட்டு வந்துட்டேன். வர்ற வழியிலயே கமிட்டித் தலைவரு ஊட்டுக்குப் போயி, "திரை எங்கிட்டத்தான் இருக்குது. எங்கூட்டுக்காரரு வேற எதாச்சும் சொன்னாக் காதுல வாங்காதீங்க"ன்னு சொல்லிப்போட்டு வந்தேன்.

ஏனுங், நான் தறி இருக்கற ஊட்டுல பொறந்து தறி இருக்கற ஊட்டுல வாழ்க்கப்பட்டவ. மோட்டாருல பெல்ட்டு அறுந்தா நாந்தான் மாட்டறேன். தறியில பல்லுச்சக்கரம் தேஞ்சா நாந்தான் கழட்டறேன். லேப்டாப்புக்கு அடியில பதினோரு ஸ்க்ரூ, அது என்னைப் பாத்து மொறைக்குமா?

செல்லுல தேடினேன். என்ற மாடலத் தொறந்து காட்டறவன் ஒருத்தன் இருந்தான், இந்திக்காரன். பேசறது ஒரு எழுத்துப் புரியல. சத்தத்த அமத்திப்போட்டுக் கைய மட்டும் பாத்தேன். கை நல்லாப் புரிஞ்சுது. நாப்பது தடவையாச்சும் பாத்திருப்பேன். அவன் மோதரம் எந்த வெரல்ல, நகம் எதுல ஒடஞ்சிருக்குதுன்னு கேட்டாக்கூடச் சொல்லுவேன்.

ஈரோட்டுக்குப் போயி மெமரி வாங்கினேன். கடைக்காரரு என்னைப் பாத்துட்டு, பேசாம ஒண்ண எடுத்து வெச்சாரு, அடிஸ்கேலுல பாதி நீளத்துக்கு. "இது பெட்டி கம்ப்யூட்டருக்குங்க. எனக்கு மடியில வைக்கறதுக்கு வேணும், நடுவெரல் நீளந்தான் இருக்கோணும்"னு வெரல நீட்டிக் காட்டினேன். அதுக்கப்புறந்தான் ஸ்டூல எடுத்துப் போட்டு உக்காரச் சொன்னாரு.

வாங்கியாச்சு. எப்பத் தொறக்கறது? இங்கதானுங் எங்கூருச் சிக்கல். எங்க தெருவுல எந்நேரமும் தறி ஓடிக்கிட்டே இருக்கும். எங்கூட்டுல ரெண்டு, அடுத்தூட்டுல நாலு, எதுத்தாப்புல எட்டு. மேசை மேல டம்ளர வெச்சா அது பாட்டுக்கு நகுந்து வெளும்புக்கு வந்துரும். மூக்குத்தித் திருகாணியாட்ட இருக்கற ஸ்க்ரூவ எங்க வைக்கறது? அதும் போகப் பஞ்சு. சோத்துல பஞ்சு, தலையில பஞ்சு, சாமி படத்து மேல பஞ்சு. அந்தப் பஞ்சுக்குள்ள லேப்டாப்பத் தொறந்து வெச்சா அவ்வளவுதான்.

தீவாளி, பொங்கலுக்குக்கூட எவனாச்சும் ஒருத்தன் ஆர்டர்னு சொல்லி ஓட்டிக்கிட்டிருப்பான். வருசத்துல ஒரே ஒரு நாளு, ஒருத்தனும் தறியத் தொட மாட்டான். ஆயுத பூசை. அன்னிக்குத் தெருவே செவிடானாப்புல இருக்கும். பஞ்சு பறக்காது, மேசை ஆடாது.

ஆனா அன்னிக்குத்தான் எதையுந் தொடக் கூடாது. தறி, கத்திரி, நூலுக் கொக்கி, எல்லாத்தையுங் கழுவித் தொடச்சு சந்தனம் குங்குமம் வெச்சுப் பூசையில வெச்சா, மறுநாள் காலையில மறுபூசை போட்டுட்டுத்தான் எடுக்கோணும். லேப்டாப்பும் அதுல ஒண்ணு. வருசா வருசம் அதுக்கும் ஒரு மொழம் பூ.

நானும் ரொம்ப யோசிச்சேன். கும்பாபிஷேகத்துக்கு ஒன்றரை மாசந்தான் இருக்குது. நெய்யறதுக்கே இருவது நாளு வேணும். யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். கழுவறது, தொடைக்கறது, பொட்டு வைக்கறது, இதுதானே பூசை? நான் உள்பக்கமுஞ் சேத்துப் பண்ணப் போறேன். அம்மனுக்குத்தானே திரை? அவ கோவிச்சுக்குவாளா? கேட்டுப் பாக்கலாம்னா, யாரைக் கேக்கறது. கேட்டா வேண்டாம்பாங்க.

காலையில பூசை முடிஞ்சுது. எங்கூட்டுக்காரரு தறிக்காரங்க சங்கத்துப் பூசைக்குப் போனாரு. கதவச் சாத்தினேன். லேப்டாப்பு மேல இருந்த பூவ எடுத்து சாமி மேல போட்டுட்டு, லேப்டாப்பக் குப்புறத் திருப்பி வெச்சேன்.

அந்த இந்திக்காரன் உள்ள கைய வைக்கறதுக்கு முன்னாடி ஒரு இரும்பத் தொடுவான். ஒடம்புல இருக்கற கரண்டு எறங்கறதுக்காம், அது அப்புறந் தெரிஞ்சுது. நான் தறிக் காலத் தொட்டேன். தறியத் தொட்டுக் கும்புட்டுட்டு வேல ஆரம்பிக்கறது எங்களுக்குப் புதுசா என்ன? கட்டத்தாள்ல லேப்டாப்போட அடிப்பக்கத்த அளவா வரஞ்சு வெச்சிருந்தேன். கழட்டின ஸ்க்ரூவ அது அதுக்குண்டான கட்டத்துல வெச்சேன். இந்திக்காரன் எல்லாத்தையும் ஒரு கிண்ணத்துல போட்டுக் கொழப்புவான். அந்த விசயத்துல அவனவிட நான் மேல்.

மூடியத் தொறந்தேன் பாருங்க. பஞ்சு! காத்தாடிக்கிட்ட ஒரு சின்னத் தலகாணியே இருக்குது. கொக்கியால மெதுவா எடுத்தேன், ஒரே பாளமா வந்துச்சு. அடியில அரக்கு, அதுக்கு மேல பச்சை, அப்புறம் ஊதா, அப்புறம் அந்த ஆரஞ்சு. எந்த வருசம் என்ன நெறத்துல ஓட்டினோம்னு அதுல வரிசையாத் தெரிஞ்சுது. ஆரஞ்சு போர்வை ஓட்டின வருசந்தான் தாரணி காலேஜு முடிச்சா. அதை மட்டும் தூக்கிப்போட மனசு வரல. டப்பியில வெச்சிருக்கறேன்.

பழைய மெமரிய ரெண்டு பக்கத்துக் கொண்டியையும் வெலக்கி எடுத்தேன். புதுச அட்டையிலருந்து பிரிச்சேன். பச்சையா, சின்னதா, ஓரத்துல வரிசையாத் தங்கக் கோடு. சரிகைக் கரையாட்ட அவ்வளவு அழகு. புதுப் பொருளுங். ஆயுத பூசை அன்னிக்கு வந்த பொருளு. சும்மா எப்பிடி மாட்டறது? சந்தனத்தக் கொழச்சு அந்தத் தங்கக் கரையில ஒரு பொட்டு, அதும் மேல குங்குமம். அதுதான் அதுக்கு முன்பக்கம்னு நெனச்சேன். கண்ணுல ஒத்திக்கிட்டு மாட்டினேன்.

சிரிங்க, சிரிங்க. பொட்டு வெச்சது தப்பில்லீங். வெச்ச எடந்தான் தப்பு.

சுச்சப் போட்டா, காத்தாடி சுத்துது, வெளக்கு எரியுது, லேப்டாப்புல ஒரு படத்தையுங் காணோம். பீப், பீப், பீப்னு மூணு தடவ. மறுபடியும் மூணு. அந்த நேரம் பாத்து எங்கூட்டுக்காரரு பொரி கடலைப் பொட்டணத்தோட கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வர்றாரு. பயத்துல என்ற முழங்கை பட்டு ஒரு ஸ்க்ரூ எங்கயோ ஓடிப்போச்சு.

"பூசையில வெச்சத எடுத்துட்டயா?"

"எடுத்தேன்."

"நல்ல நாளும் அதுவுமா இப்பிடிக் கொடலை உருவிப் போட்டிருக்கறயே. நான் அன்னிக்கே சொன்னேன் ஆகாதுன்னு. காலையில மொத வேலையா அந்த ஈரோட்டுக்காரங்ககிட்ட..."

"வாயத் தொறந்தீங்கன்னாத் தெரியும்"னேன். நாங் கத்தினது எதுத்தூட்டுக்குக் கேட்டிருக்கும், தறிச் சத்தந்தான் இல்லையே. "இது என்ற பொருளு. என்ற வேல. என்னைக் கேக்காம யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசக் கூடாது. என்னைக் கேக்கோணும். மொதல்ல என்னைக் கேக்கோணும்!"

இருவத்தாறு வருசத்துல அவருகிட்ட அப்பிடிப் பேசினதில்லீங். அவரு பொரிப் பொட்டணத்தக் கீழ வெச்சாரு. அப்புறம் மெதுவா, "லைட்டுப் புடிக்கட்டுமா?"ன்னாரு.

"புடிங்க"ன்னேன்.

மெமரிய மறுபடியும் எடுத்துப் பாத்தா, தங்கக் கரையில சந்தனம் காஞ்சு ஒட்டியிருக்குது. இந்திக்காரன் அந்த எடத்த ஒரு ரப்பர வெச்சுத் தேச்சது ஞாபகத்துக்கு வந்துச்சு. தாரணியோட பள்ளிக்கூடத்துப் பெட்டியத் தொறந்தேன். மூலையில மாம்பழ வாசத்துல ஒரு ரப்பரு, எட்டாவது படிக்கறப்ப வாங்கினது. வாசம் இன்னும் இருக்குதுங். பூ மாதிரித் தேச்சேன். சாய்ச்சு உள்ள தள்ளி அமுக்கினேன். மொதத் தடவ பயந்து பயந்து அமுக்கினது, இந்தத் தடவ தைரியமா அமுக்கினேன். டக்குனு ரெண்டு பக்கமும் கொண்டி புடிச்சுது.

லேப்டாப்புல வெளிச்சம் வந்துச்சு! திரை டிசைனத் தொறந்தேன், வேப்பமரத்துல ஒரு எலையத் திருத்தினேன், சேவ் குடுத்தேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஒலை வைக்க நேரமே இல்ல. தனி ஆளாப் பண்ணினேனுங், ஒருத்தர் ஒத்தாச கெடையாது. அவரு லைட்டுப் புடிச்சாரு, அவ்வளவுதான். தொலஞ்ச ஸ்க்ரூவ மண்டி போட்டுத் தேடித் தறிக்கடியிலருந்து எடுத்துக் குடுத்தாரு. அதுக்கப்புறம் ராத்திரிச் சோறு அவரே ஆக்கினாரு. மத்தபடி எல்லாமே நாந்தான்.

அவிநாசி வந்துருச்சா? இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுங்களா? சரி.

கும்பாபிஷேகத்தன்னிக்கு நீங்க பாத்திருக்கோணும். திரை வெலகறப்பத்தானே எல்லாருங் கும்புடுவாங்க? அன்னிக்குத் திரை மூடியிருக்கறப்பவே கும்புட்டாங்க. அடியில உபயம்னு போட்டுக் காசு குடுத்தவங்க பேரெல்லாம் மஞ்சள்ல இருக்குது. அதுக்குங் கீழ, அரக்குல அரக்கு நூலா, சின்னதா 'செல்வநாயகி'ன்னு போட்டிருக்கறேன். நேராப் பாத்தாத் தெரியாது. தீபாராதனை காட்டறப்ப அந்த வெளிச்சம் சாய்வா விழுந்தாத் தெரியும். கமிட்டிக்குத் தெரியாது. நான் கேக்கல. கேட்டா வேண்டாம்பாங்க.

அதைத் தாரணிக்குக் காட்டோணும்னு இருந்தேன். அவ வரல.

என்னுங்? என்ன சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங். ஆவணியில அவளுக்கு ஒரு எடம் வந்துச்சு. பெருந்துறையில நல்ல குடும்பம், மாப்ள என்ஜினீயரு. நானும் எங்கூட்டுக்காரருமாப் போயிப் பாத்தோம். புடிச்சுது. வெத்தல பாக்கு மாத்திக்கிட்டு வந்துட்டோம். வந்ததும் சந்தோசமா அவளுக்குப் போனு போட்டுச் சொன்னா, "என்னைக் கேட்டியாம்மா?"ங்கறா. இதுல கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? பெத்தவளுக்குத் தெரியாதா எது நல்லதுன்னு? "என்னைக் கேட்டியா, என்னைக் கேட்டியா"ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா. அந்தப் பேச்ச எவகிட்டக் கத்துக்கிட்டாளோ தெரியல. அன்னிக்குப் போன வெச்சவதான். அந்த எடமும் போச்சு. தீவாளிக்கு வரல, கும்பாபிஷேகத்துக்கு வரல, நாலு மாசமா என்ற போன எடுக்கறதே இல்ல. அவங்கப்பாகிட்ட மட்டும் பேசறா. நான் ஸ்பீக்கர்ல போடச் சொல்லிப் பக்கத்துல உக்காந்து கேப்பேன்.

போன வாரம் அப்பிடிக் கேட்டப்பத்தான், "என்ற லேப்டாப்பு நின்னு நின்னு போகுதுப்பா, வேலையே ஓட மாட்டேங்குது"ன்னா. கொரலே ஒரு மாதிரி இருந்துச்சு. எனக்கு அன்னிக்கெல்லாஞ் சோறு எறங்கல.

அதானுங் கெளம்பிட்டேன். மறுநாளே ஈரோடு போயி இன்னொரு மெமரி வாங்கினேன். இந்தா, பையில இருக்குது பாருங்க. இது ஸ்க்ரூ கழட்டற திருப்புளி, இது ரப்பரு, அந்த மாம்பழ ரப்பருதான். என்ற லேப்டாப்ப ஊட்டுல உட்டுட்டு வந்தா அவரு யாருக்காச்சும் குடுத்துப்போடுவாருன்னு அதையுந் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். இன்னிக்கு ஞாயித்துக்கெழமையில்ல, காலையில தாரணி ஏதோ ஓட்டக்காரங்க கூட்டத்துல ஓடப் போறாளாம், பத்து மணிக்கு மேலதான் வருவா. சாவி அவளுக்கு வாடகைக்கு உட்ட ஊட்டுக்காரம்மாகிட்ட இருக்கும். நான் போயித் தொறந்து, மாட்டிப்போட்டு, மூடி வெச்சுருவேன். அவ வந்து சுச்சப் போட்டாப் பறக்கும். அப்பத் தெரியும் இந்தக் கை எப்பிடிப்பட்ட கைன்னு.

அவளுக்குத் தெரியுமான்னா? சொல்லலீங். சொன்னா வேண்டாம்பா.

ஏனுங், நீங்க அப்பப் புடிச்சு எதோ சொல்ல வர்றீங்க. மூணு தடவ வாயெடுத்தாச்சு, நாந்தான் உடல. சொல்லுங்க.

...அப்பிடியா?

இப்ப வர்ற மெல்லிசு லேப்டாப்புல எல்லாம் மெமரிய உள்ளயே ஈயத்துல பத்த வெச்சுப்போடறாங்களா? கழட்டவே முடியாதா? கொண்டி கெடையாதா? ...ஆமாங், கம்பெனியில குடுத்ததுதான். கம்பெனி குடுத்தது மேல நாம திருப்புளிய வெச்சா அவ வேலைக்கே ஆபத்தா?

தொறந்து பாத்தாத்தானுங்களே தெரியும். அந்த மோகனாட்டத் தொறக்காமயே முடியாதுன்னு... இல்ல. நீங்களும் கம்ப்யூட்டர் வேலையில இருக்கறவங்கங்கறீங்க. தெரிஞ்சுதான் சொல்லுவீங்க.

ம்.

அப்ப நான் எதைச் சாக்கு வெச்சு அவ கதவத் தட்டறதுங்க?

இல்லீங், ஒண்ணுமில்ல. திருப்புளியப் பைக்குள்ள வெச்சுக்கறேன்.

...

ஏனுங் அம்மிணி, உங்க போன ஒரு நிமிசங் குடுங்களே. என்ற நம்பருன்னா எடுக்க மாட்டா. கேட்டா வாயா தேஞ்சுரும்? கேட்டுட்டாப் போச்சு. நம்பரு சொல்றேன், நீங்களே அமுக்கிக் குடுங்க.

தாரணி... நாந்தான். வெச்சுடாத கண்ணு, வெச்சுடாத. அப்பா நல்லாத்தான் இருக்கறாரு. எனக்கும் ஒண்ணுமில்ல. ஒண்ணு கேக்கத்தான் கூப்புட்டேன்... ஆமா, கேக்கத்தான்... உன்ற லேப்டாப்பு நின்னு நின்னு போகுதாமே. நான் அதைத் தொறந்து பாக்கட்டுமா?... ம்... ம்... பஸ்சுல. கருமத்தம்பட்டிகிட்ட... பக்கத்துல இருக்கறவங்க போனு... சரி. சரி சாமி.

இந்தாங்க போனு.

வேண்டாங்கறாளுங். பட்டுனு வேண்டான்னுட்டா. நாஞ் சொன்னேனா இல்லையா, கேட்டா வேண்டாம்பாங்கன்னு?

அழுகையாத்தான் வருது, பொய் சொல்லுவானேன். வேண்டான்னு சொல்லிப்போட்டு, வைக்கறதுக்கு முன்னாடி, "மத்தியானத்துக்கு இருப்பியாம்மா? உனக்குஞ் சேத்து அரிசி போடட்டுமா?"ன்னு கேக்கறா. எங்கிட்டக் கேக்கறாளுங்.

போடுன்னேன். வேற என்ன சொல்றது.

பை மடியிலயே இருக்கட்டுங். திருப்புளியும் உள்ளயே கெடக்கட்டும். சோறு தின்னுட்டு இன்னொருக்கா கேட்டுப் பாக்கறேன்.